ரிமாண்டுக்கு இரண்டு மணி நேரம் முன்பு: கைதுக்கான அடிப்படைகளும் நமது வழக்குகளும்

மிஹிர் ராஜேஷ் ஷா எதிர் மகாராட்டிர அரசு என்ற வழக்கில் 2025 நவம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, நமது இயக்கங்களில் உரிய அளவு பேசப்படவில்லை. கைது செய்யப்படும் எவருக்கும், அவர்மீது எந்தச் சட்டத்தின் கீழ் வழக்குப் பதியப்பட்டிருந்தாலும், கைதுக்கான அடிப்படைகளை அவருக்குப் புரியும் மொழியில் எழுத்தில் தந்தாக வேண்டும் என்கிறது அத்தீர்ப்பு. கண்ணெதிரே குற்றம் நடக்கும்போது மடக்கிப் பிடிப்பது போன்ற சூழலில் உடனடியாக எழுதித் தர முடியாமல் போகலாம். அப்போது வாய்மொழியாகச் சொல்லிவிட்டு, நீதித்துறை நடுவர் முன் ரிமாண்டுக்கு நிறுத்துவதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரத்துக்கு முன்பாவது எழுத்தில் கொடுக்க வேண்டும். கொடுக்கத் தவறினால் கைதும் அதைத் தொடர்ந்த ரிமாண்டும் சட்டவிரோதம். கைதானவர் விடுவிக்கப்பட உரிமையுடையவர்.

இந்த உரிமையை யார் வழியாகப் பெற்றோம் என்பதையும் கவனிக்க வேண்டும். மும்பை வொர்லியில் 2024 ஜூலையில் விலையுயர்ந்த கார் மோதி ஒரு பெண் உயிரிழந்த வழக்கின் குற்றம்சாட்டப்பட்டவர்தான் மிஹிர் ஷா. அரசியல் செல்வாக்குள்ள குடும்பத்தவர். எழுத்தில் தர வேண்டும் என்பதை அமலாக்கத்துறைக் கைதுகளுக்கு முதலில் கட்டாயமாக்கிய பங்கஜ் பன்சால் தீர்ப்பு (2023 அக்டோபர் 3) நிலவணிக நிறுவன உரிமையாளர்களின் வழக்கில் வந்தது. ஊபா கைதுகளுக்கு அதை விரிவாக்கிய தீர்ப்பு (2024 மே 15) நியூஸ்கிளிக் ஆசிரியர் பிரபீர் புர்காயஸ்தாவின் வழக்கில் வந்தது. தில்லியின் மூத்த வழக்கறிஞர்களை அமர்த்தக் கூடியவர்கள் நடத்திய வழக்குகள் இவை. நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நிலைமை வேறாக இருந்தது. பிணைச் சட்டத்தை மனிதத்தன்மையுடையதாக்கியது மோத்தி ராம் என்ற கொத்தனாரின் வழக்கு (1978). விரைவான விசாரணை அடிப்படை உரிமை என்று சொல்ல வைத்தவர்கள் பீகார் சிறைகளில் மறக்கப்பட்டுக் கிடந்த ஏழை விசாரணைக் கைதிகள் (உசைனாரா காத்தூன் வழக்கு, 1979). உரிமை மேலிருந்து வந்தாலும் கீழிருந்து வந்தாலும் உரிமைதான். ஆனால் மேலிருந்து வரும் உரிமை தானாகக் கீழே இறங்குவதில்லை.

இராஜபாளையத்துக்கு அது எப்படி இறங்கும் என்பதே எனது கேள்வி.

சட்டம் தெரியாத வாசகருக்காக ஒரு வேறுபாட்டை முதலில் விளக்கிவிடுகிறேன். கைதுக்கான ‘காரணங்கள்’ வேறு, கைதுக்கான ‘அடிப்படைகள்’ வேறு என்று பிரபீர் வழக்கில் உச்ச நீதிமன்றம் பிரித்துக் காட்டியது. சாட்சிகளைக் கலைக்காமல் தடுக்க, தலைமறைவாகாமல் தடுக்க, விசாரணையை முறையாக நடத்த என்பனவெல்லாம் காரணங்கள். எவருக்கும் பொருந்தும் வாசகங்கள் அவை; காவல் நிலையங்களில் அச்சடித்த படிவமாகவே கிடைக்கும். அடிப்படைகள் என்பவை அந்தக் குறிப்பிட்ட மனிதருக்கு மட்டும் உரியவை. இன்ன நாளில், இன்ன இடத்தில், நீ இன்ன செயலைச் செய்தாய் என்று இன்னார் சொல்கிறார், இன்ன பொருள் உன்னிடம் கிடைத்தது என்பதைப் போல. இதைக் கையில் பெற்றவரால்தான் ‘அன்றைக்கு நான் மில்லில் இரவு ஷிப்டில் இருந்தேன், வருகைப் பதிவேட்டைப் பாருங்கள்’ என்று நடுவரிடம் சொல்ல முடியும். பிரிவு எண்களை மட்டும் கேட்டறிந்தவரால் எதையும் சொல்ல முடியாது.

இது புதிதாக முளைத்த சலுகை அல்ல. அரசமைப்புச் சட்டத்தின் 22(1) ஆவது கூறு 1950 முதலே இதைச் சொல்கிறது. அந்தக் கூறு வந்த வரலாறு நமக்கு நெருக்கமானது. தனிமனித உரிமை பற்றிய கூறிலிருந்து, முறையான சட்டச் செயல்முறை என்ற பாதுகாப்பு அரசமைப்பு அவையில் நீக்கப்பட்டது. அந்த இழப்பை ஓரளவேனும் ஈடுசெய்யும் முயற்சியாக 1949 செப்டம்பர் 15 அன்று 15-அ என்ற வரைவுக் கூறை முன்மொழிந்தவர் அண்ணல் அம்பேத்கர். அதுவே பின்னர் 22 ஆவது கூறானது. காரணம் சொல்லாமல் கைது செய்யக் கூடாது, வழக்கறிஞரை மறுக்கக் கூடாது, 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்னும் மூன்றும் அதில் உள்ளன. அம்பேத்கர் எழுதியதில் இட ஒதுக்கீட்டையும் தீண்டாமை ஒழிப்பையும் நினைவில் வைத்திருக்கும் நாம், இந்தக் கூறை மட்டும் குற்றவியல் வழக்கறிஞர்களிடம் விட்டுவிட்டோம்.

விட்டதற்குக் காரணம் உண்டு. நீதிமன்றங்களில் தலித் இயக்கம் பெரும்பாலும் பாதிக்கப்பட்டவரின் பக்கம் நின்றே பழகியது. எதிரே இருப்பவருக்குப் பிணை கிடைத்தால் அது நமது தோல்வி. ‘அப்பாவிகளைப் பாதுகாக்கிறோம்’ என்று சொல்லித்தான் 2018 மார்ச் 20 அன்று சுபாஷ் காசிநாத் மகாஜன் தீர்ப்பு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பல்லைப் பிடுங்கியது. ஏப்ரல் 2 நாடு தழுவிய முழு அடைப்பில் நமது மக்கள் உயிர்விட்ட பிறகே 18-அ பிரிவு வந்தது. அந்தத் தீர்ப்பின் முக்கிய ஆணைகளும் 2019 அக்டோபரில் திரும்பப் பெறப்பட்டன. ஆகவே ‘குற்றம்சாட்டப்பட்டவரின் உரிமை’ என்ற சொல் கேட்டதும் நமது தோழர்களுக்கு ஐயம் எழுவது இயல்பு. அந்த ஐயத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் தென்மாவட்டங்களில் வழக்கு நடத்தும் எவரும் அறிந்த ஓர் உண்மை, அந்த ஐயத்தோடு நம்மை நின்றுவிட விடாது.

அந்த உண்மை, எதிர்வழக்கு. சேரியில் புகுந்து தாக்கியதாக மாலையில் ஒரு புகார் பதிவாகிறது. ‘அவர்கள்தான் எங்களைத் தாக்கினார்கள்’ என்று இரவுக்குள் மறுபுகாரும் வந்துவிடுகிறது. ஒரே மனிதர் முதல் வழக்கில் பாதிக்கப்பட்டவர், இரண்டாவது வழக்கில் முதல் குற்றவாளி. வன்கொடுமை வழக்கில் கைது நடக்க நாம் மறியல் செய்ய வேண்டியிருக்கிறது. எதிர்வழக்கில் நமது இளைஞர்களை விடியற்காலையில் வீடு புகுந்து அழைத்துப் போகிறார்கள். பின்பு சமரசப் பேச்சில் இரண்டு வழக்குகளும் தராசின் இரு தட்டுகளாகின்றன. சிறைக்குள் இருப்பவரின் குடும்பம்தான் முதலில் இறங்கி வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரே நிகழ்வில் புகாரும் எதிர்ப்புகாரும் வந்தால் இரண்டையும் சேர்த்து விசாரித்து, வலியத் தாக்கியவர் யார் எனக் கண்டறிந்து அவர்மீது மட்டும் வழக்கைக் கொண்டுசெல்ல வேண்டும் என்று தமிழ்நாடு காவல் நிலையாணை சொல்கிறது. அந்த நிலையாணையை நடைமுறையில் தேடிப் பார்க்கத்தான் வேண்டும்.

எதிர்வழக்கில் கைதாகும் இளைஞருக்கு அடிப்படைகளை எழுதிக் கொடுத்தாக வேண்டும் என்ற நிலை வந்தால் என்ன நடக்கும்? காவல் ஆய்வாளர் அந்த இரவிலேயே, ஒரு தாளில், தன் கையெழுத்தோடு, இந்த மனிதர் செய்தது என்ன என்று குறிப்பாகச் சொல்லியாக வேண்டும். ‘மற்றும் அடையாளம் தெரிந்த பத்துப் பேர்’ என்று முதல் தகவல் அறிக்கையில் எழுதிவிட்டு, பின்னர் ஊரில் யாரைப் பிடிப்பதெனத் தேர்ந்தெடுக்கும் வழக்கத்தின் கழுத்தில் விழும் கயிறு அது. அன்றே எழுதப்பட்ட அந்தத் தாளும், மூன்று மாதம் கழித்து வரும் குற்றப்பத்திரிகையும் முரண்பட்டால், குறுக்கு விசாரணையில் அதைவிடச் சிறந்த ஆவணம் நமக்கு வேறில்லை.

இனி, நமது பகுதியில் வழக்கு நடக்கும் வழியைப் பார்ப்போம். மாவட்டத் தலைநகர் விருதுநகர் என்றாலும் மாவட்ட முதன்மை நீதிமன்றம் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். சேத்தூரிலோ செட்டியார்பட்டியிலோ வசிக்கும் ஒருவர் கைதானால், பெரும்பாலும் இராஜபாளையத்தில் ரிமாண்டு. நடுவர் பிணையை மறுத்தால் சுமார் 12 கிலோமீட்டர் தள்ளி ஸ்ரீவில்லிபுத்தூரில் அமர்வு நீதிமன்றம். அங்கும் மறுத்தால் மதுரைக் கிளை. ஒவ்வொரு படியிலும் வழக்கறிஞர் கட்டணம், நகல் செலவு, ஒரு நாள் கூலி இழப்பு. நூற்பாலையில் அல்லது சத்திரப்பட்டியின் பேண்டேஜ் துணித் தறியில் வேலை செய்யும் குடும்பத்துக்கு, இரண்டாவது படியிலேயே நகை அடகுக்குப் போய்விடும்.

ஆகவே முதல் படியான ரிமாண்டில்தான் எல்லாம் இருக்கிறது. துயரம் என்னவென்றால், அந்தப் படியில்தான் நமது ஆட்கள் யாருமே இருப்பதில்லை. மாலையில், சில நேரம் விடுமுறை நாளில் நடுவரின் இல்லத்தில், சில நிமிடங்களில் முடிந்துவிடும் நிகழ்வு அது. ‘போலீஸ் அடித்தார்களா?’ என்ற கேள்விக்கு, அடித்தவர் அருகிலேயே நிற்கும்போது, ‘இல்லை’ என்பதே பதிலாக வரும். 2020 ஜூன் 19 அன்று சாத்தான்குளத்தில் பிடிக்கப்பட்ட ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் மறுநாள் ரிமாண்டு செய்யப்பட்டுக் கோவில்பட்டி கிளைச்சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். 22, 23 தேதிகளில் அடுத்தடுத்து இறந்தார்கள். அவர்களது உடல்நிலையை உரிய முறையில் பார்க்காமலேயே ரிமாண்டு உத்தரவு இடப்பட்டது என்ற குற்றச்சாட்டை நாடே பேசியது. அவர்கள் தலித்துகள் அல்லர், வணிகர்கள். சொந்தக் கடை வைத்திருந்தவர்கள். அவர்களுக்கே அந்த நிலை என்றால் பஞ்சாலைத் தொழிலாளிக்கு எப்படி இருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

நடுவருக்கு இதில் தெளிவான கடமை உண்டு. விஹான் குமார் எதிர் அரியானா அரசு வழக்கில் (2025 பிப்ரவரி 7) கைதானவர் மருத்துவமனைக் கட்டிலில் விலங்கிட்டுப் பிணைக்கப்பட்டிருந்தார். அந்தத் தீர்ப்பு மூன்று செய்திகளைச் சொன்னது. அடிப்படைகளைத் தெரிவித்தோம் என்பதை மெய்ப்பிக்கும் சுமை காவல்துறையின் மேல்தான் விழும். அது நடந்ததா என்பதை ரிமாண்டின்போது நடுவர் சரிபார்க்க வேண்டும். 22(1) மீறப்பட்டால், பிணைக்குச் சட்டம் தனித் தடைகள் போட்டிருந்தாலும்கூட நீதிமன்றம் பிணை தரலாம்.

இங்கேதான் நமது தோழர்களின் அச்சம் திரும்பவும் தலைதூக்கும். சாதி ஆணவக் கொலை செய்தவனும் இதே தீர்ப்பைக் காட்டி வெளியே வந்துவிட மாட்டானா? வரலாம். 2025 ஜூலை 27 அன்று பாளையங்கோட்டையில் கவின் செல்வகணேஷ் வெட்டிக் கொல்லப்பட்டபோது, உடலைப் பெற மறுத்துக் குடும்பத்தினர் கேட்டது கைதைத்தான். கைது என்பதே நமது போராட்டங்களின் முதல் கோரிக்கை. அந்தக் கைதை ஒரு காவல் அலுவலர் வேண்டுமென்றே ஓட்டையோடு செய்தால், கூட்டத்தைக் கலைக்கக் கைது. நீதிமன்றத்தில் கரையக் கைது என்றாகிவிடும். இந்த ஆபத்தைக் காட்டி உரிமையே வேண்டாம் என்பது சரியான விடை அல்ல. வன்கொடுமை வழக்குகளில் கைது நடந்ததா என்று மட்டும் கேட்டு நிற்காமல், அடிப்படைகளை எழுதிக் கொடுத்து ஒப்புதல் கையெழுத்து வாங்கினீர்களா என்று விசாரணை அலுவலரான துணைக் கண்காணிப்பாளரிடம் நாமே கேட்க வேண்டும். பாதிக்கப்பட்டவரின் வழக்கறிஞர் கேட்க வேண்டிய முதல் கேள்விகளில் ஒன்றாக இது மாறிவிட்டது.

உச்ச நீதிமன்றமும் கதவை முழுக்கத் திறந்து விட்டுவிடவில்லை. கன்னட நடிகர் தர்ஷனுக்குக் கொலை வழக்கில் கர்நாடக உயர் நீதிமன்றம் அளித்த பிணையை 2025 ஆகஸ்ட் 14 அன்று இரத்து செய்தபோது, எழுத்தில் தராததால் அவருக்கு உண்மையில் பாதகம் ஏற்பட்டதா என்று கேட்டது. நவம்பர் தீர்ப்பு எழுத்துக் கடமையை உறுதியாக்கினாலும், விடுவிக்கப்பட்டவரை உரிய அடிப்படைகளை எழுதித் தந்து மீண்டும் காவலில் வைக்கக் கோரவும் வழி விட்டிருக்கிறது. குற்றவாளிக்கு நிரந்தர விடுதலை கிடைத்துவிடாது. காவல்துறை தன் வேலையைச் சரியாகச் செய்ய இரண்டாவது வாய்ப்புப் பெறுகிறது, அவ்வளவுதான்.

இதற்கு இணையான ஒரு தாள் நமது பக்கத்திலும் உண்டு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15-அ பிரிவின்படி, பிணை உள்ளிட்ட எந்த நடவடிக்கைக்கும் பாதிக்கப்பட்டவருக்கு முன்னறிவிப்புத் தர வேண்டும். அவரைக் கேட்க வேண்டும். அறிவிப்பு இல்லாமல் கொடுக்கப்பட்ட பிணையை அரிராம் பாம்பி வழக்கில் (2021) உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது. குற்றம்சாட்டப்பட்டவருக்குத் தர வேண்டிய தாளையும், பாதிக்கப்பட்டவருக்குத் தர வேண்டிய தாளையும் தராமல் விடுவது ஒரே காவல் நிலையம்தான், ஒரே அலட்சியம்தான். ஒன்றைக் கேட்டுவிட்டு மற்றதை ‘தொழில்நுட்பக் குறை’ என்று நாம் ஒதுக்கினால், நாளை நமது தாளையும் அப்படியே ஒதுக்குவார்கள்.

புரியும் மொழி என்ற சொல்லிலும் நிறைய இருக்கிறது. சட்டத்தின் பெயரே பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்றாகிவிட்ட காலத்தில், இராஜபாளையத்தில் கைதாகும் தமிழருக்கு ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த அடிப்படைகளைக் கொடுத்தால் அது கொடுத்ததாகாது. தடுப்புக் காவல் வழக்குகளில் இந்த வாதம் பழையது. ஆங்கிலம் தெரியாதவருக்கு ஆங்கில ஆணை தந்தது செல்லாதென்று 1962 இலேயே அரிகிசன் வழக்கில் தீர்ப்பானது. வாய்மொழியாக விளக்கினோம் என்ற சமாளிப்பை லல்லுபாய் ஜோகிபாய் படேல் வழக்கு ஏற்கவில்லை. குண்டர் சட்டம் என்று அழைக்கப்படும் தமிழ்நாட்டின் 1982 ஆம் ஆண்டின் 14 ஆம் சட்டத்தின் கீழ் போடப்பட்ட ஆணைகள், தமிழ் மொழிபெயர்ப்பு இல்லாததால் உயர் நீதிமன்றத்தில் உடைந்ததுண்டு. அந்தத் தரம் இப்போது சாதாரணக் கைதுக்கும் வந்துவிட்டது. நமது நூற்பாலைகளில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் வேலை செய்கிறார்கள். அவர்களில் தலித்துகளும் பழங்குடியினரும் உண்டு. ஒடியா மட்டும் தெரிந்தவருக்குத் தமிழ்த் தாளும் வெற்றுத் தாள்தான். நவம்பர் தீர்ப்பின் உண்மையான சோதனை அந்த விடுதி அறைகளில்தான் நடக்கப் போகிறது.

பிணை கிடைத்த பிறகு வரும் தடை பற்றியும் சொல்ல வேண்டும். சொத்து ஆவணமுள்ள இரண்டு பிணையாட்கள் வேண்டும் என்ற நிபந்தனையில் எத்தனையோ பேர் உள்ளேயே கிடக்கிறார்கள். மோத்தி ராமுக்கும் இதுவே நேர்ந்தது: பத்தாயிரம் ரூபாய்க்குப் பிணையாள் கேட்டார்கள், வேறு மாவட்டத்தில் இருந்த சகோதரரின் சொத்தை ஏற்க மறுத்தார்கள். நீதிபதி கிருஷ்ணய்யர் அதை ஏற்கவில்லை. சொந்தப் பிணைப் பத்திரமே போதும் என்று விடுவித்தார். பிணை ஆணை வந்து ஒரு மாதத்துக்குள் பத்திரம் தர முடியாவிட்டால், நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றம் தானாகவே பார்க்கலாம் என 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் வழிகாட்டியது. தினமும் காலை 10.30 மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்து என்ற நிபந்தனை, முதல் ஷிப்டுக்குப் போகும் தொழிலாளிக்கு வேலையைப் பறிப்பதற்குச் சமம். தளர்த்தக் கோரி மனுப் போடலாம் என்பது பலருக்கும் தெரிவதில்லை.

இந்தியச் சிறைகளில் 2022 முடிவில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு இது. அந்த விசாரணைக் கைதிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர். தண்டனை பெறாமலேயே தண்டனை அனுபவிப்பவர்கள் இவர்கள்.

கல்லூரி மாணவர்களும் களத்தோழர்களும் உடனே செய்யக் கூடியவை உண்டு. ஒருவர் கைதானார் என்று தெரிந்த நிமிடத்திலிருந்து நேரத்தைக் குறித்து வையுங்கள்: எப்போது, எங்கிருந்து அழைத்துச் சென்றார்கள், யார் பார்த்தார்கள், எப்போது நடுவர் முன் நிறுத்தினார்கள். இரண்டு மணி நேரக் கணக்கும் 24 மணி நேரக் கணக்கும் இந்தக் குறிப்பில்தான் நிற்கும். கைது செய்தியையும் காவலில் வைத்திருக்கும் இடத்தையும் உறவினருக்கோ நண்பருக்கோ தெரிவிப்பது புதிய சட்டத்தின் 48 ஆம் பிரிவின்படி காவல்துறையின் கடமை; யாருக்குத் தெரிவித்தார்கள் என்று கேளுங்கள். அடிப்படைகள் அடங்கிய தாளைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தாள் தரப்படவில்லை என்றால், அதை ரிமாண்டின்போதே வழக்கறிஞர் மனுவாக எழுதிக் கொடுக்க வேண்டும். வாயால் சொன்னது ஏட்டில் ஏறாது. வழக்கறிஞருக்குப் பணம் இல்லை என்பது தடையாகக் கூடாது. 1987 ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12 ஆம் பிரிவில் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும், காவலில் இருக்கும் எவரும் வருமானக் கணக்கில்லாமல் இலவச வழக்கறிஞரைப் பெற உரிமையுடையோர். 15100 என்ற எண்ணில் அழைத்து, ரிமாண்டுக்கே வழக்கறிஞர் வேண்டும் என்று கேட்கலாம். ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

ரிமாண்டு செய்யப்பட்ட நாளையும் நாட்காட்டியில் வட்டமிட்டு வைக்கக் காரணம் உண்டு. குற்றத்தின் தன்மையைப் பொறுத்து 60 அல்லது 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் பிணை என்பது நீதிமன்றத்தின் விருப்பத்தைச் சார்ந்ததல்ல, கைதானவரின் உரிமை. அந்தப் பிணையை வாயால் கேட்டாலும் போதும் என்று ராகேஷ் குமார் பால் வழக்கில் (2017) உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் குற்றப்பத்திரிகை தாக்கலாவதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டும். அறுபதாம் நாள் முடிந்த மறுநாள் காலை, நீதிமன்றம் கூடும் நேரத்துக்கு யாராவது ஒருவர் அங்கே நின்றாக வேண்டும்.